ஒன்றும் இல்லாத படம்

"அந்தப் படத்தைக் கழட்டிடுங்க."

கடைக்குள் வரக்கூட இல்லை. செருப்போடு வாசலில் நின்றபடியே என் மனைவி சொன்னாள். நான் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கோட்டில் கையை எடுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அதனால் தலையைத் தூக்காமலே, "எந்தப் படம்?" என்று கேட்டேன். எந்தப் படம் என்று எனக்கா தெரியாது? கடைக்குள் நுழைகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அப்படிப் படவேண்டும் என்றுதான் கல்லாவுக்கு நேர் மேலே, என்னிடம் இருப்பதிலேயே உசத்தியான கறுப்பு பிரேம் போட்டு, அதன் உச்சியில் ஒரு சின்ன விளக்கும் வைத்து மாட்டியிருந்தேன். கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வேலை நாளில், நட்ட நடு மதியத்தில், அவள் என் கடைக்கு வந்ததே கிடையாது.

பார்ப்பதற்கு அந்தப் படத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாம்பல் நிறப் பரப்பில், கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் மாதிரி சில வட்டங்கள். "என்ன சார் இது, நிலாவா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தானே காத்துக்கொண்டிருப்பேன். "என் வீட்டுக்காரி எடுத்த படம்" என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் தன்னிடமிருந்து பொடிப்பொடியாகப் பைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். புற்றுச் செல்லும் அனுப்பும். ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கான பைகளை வரிசையாக நிற்கவைக்கலாம், அவ்வளவு சிறியவை, எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் இப்படி வட்டங்களாகத் தெரியும். ஆனால் அனுப்பியது யார் என்கிற சங்கதி அந்தப் பைக்குள்ளேயே இருக்கும். ரத்தத்தில் மிதந்துபோகும் அந்தப் பைகளைப் பிடித்துவிட்டால், புற்று எங்கேயோ ஒளிந்திருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். "கத்தி வேண்டாம், ஊசி முனையில சதை எடுக்க வேண்டாம், ஒரு சொட்டு ரத்தம் போதும், நாளைக்கே வந்துடும்" என்று முடிப்பேன். அந்த 'நாளைக்கே' மட்டும் என் சொந்தச் சரக்கு. ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "நான் எப்பங்க நாளைக்கேன்னு சொன்னேன்?" என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். நான் அசரவில்லை. நானோ அறிவியல் என்றால் தவளை என்கிற அளவில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். எனக்கு வாய்த்த மனைவி புற்றுச் செல்லின் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கிறவள். தம்பட்டம் அடிக்காமல் எப்படி இருப்பது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அக்கா. மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று போனவளைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் நிம்மதியாகத்தான் வந்தாள். அந்த நிம்மதியில் மாதங்கள் போய்விட்டன. மறுபடி போனபோது அது ஒன்றும் இல்லாததாக இல்லை. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது. இப்போது தேறிவிட்டாள். ஆனாலும் அவ்வப்போது பரிசோதனைக்குப் போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் முடிவு வருகிறவரை அவள் முகத்தை எங்களால் பார்க்க முடியாது. அவளை இந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி, "இனிமே உனக்கு இந்தப் பாடெல்லாம் இல்லக்கா" என்று சொல்லியிருந்தேன். அவள் கண்ணாடி மேல் விரலை வைத்து ஒரு வட்டத்தைச் சுற்றி வரைந்தாள்.

ஆகவே, கழட்டு என்றால் கழட்டிவிடுகிற படம் இல்லை அது.

மனைவியை உள்ளே அழைத்து ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, எனக்கு எப்போதும் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறார்கள். அவற்றுக்குத் தீனியாக ஒரு திரவம். அந்தத் தீனியில் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்த்தால்தான் செல்கள் செழித்து வளரும். கன்றின் ரத்தத்திலும் இதே மாதிரிப் பைகள் உண்டு, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் சீரத்தை முதலில் ஒரு ராட்சச இயந்திரத்தில் போட்டு ராத்திரி முழுக்கச் சுற்றவிடுவார்கள். கன்றின் பைகள் குழாயின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பதை மட்டும் எடுத்துத் தீனியில் கலப்பார்கள். செல்கள் அதைத் தின்று வளர்ந்து தங்கள் பைகளை அதிலேயே விடும். பிறகு அந்தத் திரவத்தை எடுத்து மறுபடி சுற்றல். முதலில் மெதுவாகச் சுற்றினால் செத்த செல்கள் இறங்கும், கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் குப்பை இறங்கும், கடைசியில் பேய் வேகத்தில் சுற்றினால் பைகள் இறங்கும். நான் அந்த இயந்திரத்தை ராட்டினம் என்பேன், அவளுக்குப் பிடிக்காது. இறங்கிய பைகளை உப்புநீரில் கலக்கி லேசர் வெளிச்சத்தில் வைத்தால் திரையில் புள்ளிகளாகத் துள்ளும். அவற்றைக் கணினி எண்ணும். புற்றுச் செல்கள் சாதாரணச் செல்களைவிடப் பல மடங்கு பைகளை விடுகின்றன என்று கண்டதில் அந்தக் கூடமே தலைகால் புரியாமல் இருந்தது. நான் இருந்தது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"இப்ப வெறும் தீனிய எடுத்து, அதுல செல்லே போடாம, மத்த எல்லாத்தையும் அப்படியே செஞ்சு பாத்தேன்."

"ஒண்ணும் வரக்கூடாதுல்ல?"

"வரக்கூடாது."

"வந்துச்சா?"

"திரை பூரா புள்ளிங்க. கல்யாண வீடு மாதிரி கூட்டம்."

சீரத்தை அப்படியே கெட்டியாகச் சுற்றியிருக்கிறார்கள். அது பாகு மாதிரி. அதில் அத்தனை பொடிப் பைகள் அடிவரை இறங்குவதில்லை. நீர்க்கக் கரைத்துவிட்டு, இன்னும் அதிக நேரம் சுற்றியிருக்கவேண்டும். அதோடு போகவில்லை. புற்றுச் செல்களுக்குச் சீரம் அதிகம் சேர்த்த தீனி, சாதாரணச் செல்களுக்குக் கம்மி. எந்தப் பக்கம் சீரம் அதிகமோ அந்தப் பக்கம் கன்றின் பைகளும் அதிகம். அவர்கள் கொண்டாடிய வித்தியாசத்தில் பெரும்பங்கு செல்லுடையதே இல்லை, தீனியுடையது.

நான் நிமிர்ந்து கல்லாவுக்கு மேலே பார்த்தேன். "அப்போ இதெல்லாம் கன்னுக்குட்டியோடதா?"

"சிலது செல்லோடதுதான். எது யாருதுன்னு என்னால சொல்ல முடியாது. அதான் கழட்டச் சொல்றேன்."

எனக்குத் தெரிந்த யோசனைகளை எடுத்து விட்டேன். கன்றுடையதை மொத்தக் கணக்கில் கழித்துவிட்டால் போயிற்றே என்றேன். கழிக்கிற எண்ணே பெரிதாக இருக்கும்போது மிச்சத்தை எப்படி நம்புவது என்று கேட்டாள். சரி, அடுத்த வாரம் வரப்போகிற குழு வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் மெதுவாகச் சொல் என்றேன். அந்தக் குழு பார்த்துச் சரி என்றால்தான் ஆய்வு தொடரும், ஆய்வு தொடர்ந்தால்தான் அவளுக்கு அங்கே வேலை. யாருக்குமே தெரியாத ஒன்றை வலியப் போய் ஏன் தோண்டவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படிங்க எண்ணுறது?" என்றாள். "இனிமே ஒவ்வொரு புள்ளியப் பாக்கறப்பவும் நீ யாருன்னுதானே கேப்பேன்?"

அவள் போனபிறகும் நான் படத்தைக் கழட்டவில்லை. அதன் விளக்கை மட்டும் அணைத்தேன்.

குழு வருவதை முன்னிட்டு ஆய்வுக்கூடத்தின் கூட்ட அறைக்குச் சில படங்கள் பிரேம் போட்டு மாட்டும் வேலையும் என்னிடமே வந்திருந்தது. அவற்றில் பெரியது, கதவுப் பலகை அளவுக்கு, அதே படம்தான். இரண்டு நாள் கழித்து ஏணியையும் துளைக்கருவியையும் எடுத்துக்கொண்டு போனேன். நீண்ட மேஜை, சுவரோரம் வெள்ளைப் பலகை, ஜன்னலுக்கு வெளியே நடைகூடம். எதிர் அறையில் அந்த ராட்டினம், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அண்ணன் மாதிரி, தரையோடு உறுமிக்கொண்டிருந்தது. பெரிய படத்தை மாட்டி மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வாரக் கூட்டமாம். நான் இறங்கப் போனேன். "பரவால்ல சார், நீங்க பாட்டுக்கு பாருங்க, துளை மட்டும் போடாதீங்க" என்றார் அவர்களுடைய தலைவி. எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுகிறவர்.

என் மனைவி எழுந்தாள். திரையில் வெறும் தீனியின் புள்ளிகள் துள்ளின. அவள் குரல் முதலில் லேசாக நடுங்கியது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். பிறகு நடுங்கவில்லை. எது எதைச் செய்தாள், எந்தெந்த பாட்டிலைப் பார்த்தாள், தண்ணீரையும் குழாயையும்கூட எப்படிச் சந்தேகப்பட்டாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். 'நான் சுத்தின சீரம்' என்றே சொன்னாள். அந்தச் சீரத்தைச் சுற்றியது அவள் மட்டும் இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. ஊரார் சுமையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் இவளுக்கு எங்கிருந்து வந்தது?

அவர்களில் ஒருவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். ராட்டினத்தில் எதிரெதிரே வைக்கும் குழாய்கள் இம்மி பிசகாமல் ஒரே எடை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இயந்திரமே பிய்த்துக்கொண்டு போய்விடும். அவற்றை எடை போடுவது அவர்தான். நல்ல மனிதர், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எல்லா லேப்லயும் இப்படித்தான் சுத்துறாங்க."

"அப்போ எல்லா லேப்லயும் காலித் தீனிய ஒரு தடவை எண்ணிப் பாக்கணும்" என்றாள் என் மனைவி.

ஏணியின்மேல் என் கையிலிருந்த மட்டப்பலகை நழுவப் பார்த்தது. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் என்னைக் கூப்பிடுகிறவள் இவள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வெகுநேரம் திரையையே பார்த்தார். இவள் வேலை போயிற்று என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"அந்தச் செய்முறைய எழுதி வச்சது நான்" என்றார் மேடம். "நான் இங்க சேர்ந்த புதுசுல எழுதினது. அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கல, நானும் பாக்கல." பிறகு என் மனைவியைப் பார்த்து, "வர்றவங்களுக்கு முதல்ல இதக் காட்டணும். நீங்களே பேசுங்க. வேற யாரும் பேச வேண்டாம்" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். "சார், அந்தப் பெரிய படம் வேண்டாம். இறக்கிடுங்க."

நான் இறக்கினேன். அவ்வளவு பெரிய படத்தை ஒற்றை ஆளாக இறக்குவது லேசில்லை. தராசு எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பியபோது என் மனைவி என்னைப் பார்த்தாள். அத்தனை நாள் கடையில் நின்று நான் அளந்ததெல்லாம் வெறும் பீற்றல். பெருமை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இவள் என் மனைவி என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எழுந்து நின்று ஒருமுறை சொல்லவேண்டும்போல இருந்தது. ஏணியை மடக்கினேன்.

குழு வந்தது, கேட்டது, போனது. யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லும் வேலை எனக்கு மிச்சம் இருந்தது. வாயைக் கொடுத்தவன் நான், நான்தான் போகவேண்டும். அவள் வீட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"கன்னுக்குட்டியா?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். போர்வையை விட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எத்தனை பேருக்குடா அத நிறுத்திவச்சு காட்டின!"

"நீயும் சிரி."

"சிரிக்காம?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடித்த துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே உள்ளதைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே, அவங்க இவள மாதிரி தன் வேலைய ஒரே ஒரு தடவை சந்தேகப்பட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அவகிட்ட சொல்லு. நான் காத்திருக்கேன். அவசரம் ஒண்ணும் இல்ல, நிதானமா எண்ணச் சொல்லு."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எண்ணிக்கையே பேச்சு. சீரத்தை நீர்க்கக் கரைத்தாள், நீண்ட நேரம் சுற்றினாள். புள்ளிகள் குறைந்தன, ஒழியவில்லை. வடிகட்டினாள். மிச்சப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனால், கரைக்கிற உப்புநீரிலேயே தூசு. அதைச் சுத்தம் செய்தால் குழாயில். மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு ஸ்கோர் என்ன?" என்பேன். கிரிக்கெட்டில் நம் ஆட்கள் ரன் எடுக்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சில நாள் குறையும். சில நாள் ஏன் என்றே தெரியாமல் ஏறும், அன்றைக்கு அவள் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். தராசும் அவளோடு சேர்ந்துகொண்டார். குழாய்களை எடை போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாராம், மாப்பிள்ளை பார்ப்பதுபோல.

ஒருநாள் மதியம் மறுபடி கடை வாசலில் செருப்போடு வந்து நின்றாள். அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே வைத்தேன். அவள் கையில் ஒரு பெரிய உறை. உள்ளேயிருந்து அழுத்தமான தாளில் அச்சிட்ட ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாம்பல் நிறம், மேலிருந்து கீழ்வரை அதே சாம்பல் நிறம்.

"காலித் தீனி" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். வட்டம் ஏதும் இல்லை. கிண்ணம் ஏதும் இல்லை. "ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன்.

"அப்படிச் சொல்லக்கூடாது. எங்க மெஷினால பாக்க முடியற அளவுக்கு ஒண்ணும் இல்ல." சொல்லும்போதே அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை, நானே பிரேம் போட்ட படம், எனக்குத் தெரியாதா? "இனிமேதான் எண்ண ஆரம்பிக்கணும்" என்றாள்.

"புற்றுச் செல் நிறைய விடுமா, கம்மியா விடுமா?"

"தெரியல." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கல்லாவுக்கு மேலிருந்த படத்தை அன்றைக்கே கழற்றினேன். அதே கறுப்பு பிரேமில் புதியதை வைத்தேன். எத்தனையோ படத்துக்குக் கண்ணாடி போட்டவன் நான், இதற்குப் பட்ட பாடு எதற்கும் பட்டதில்லை. முகங்கள் உள்ள படத்தில் கண்ணாடிக்கு அடியில் ஒரு தூசு மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு பொடி விழுந்தாலும் அது ஒரு பையாகிவிடும். மூடுவேன், சாய்த்துப் பார்ப்பேன், ஒரு புள்ளி தெரியும், பின்பக்க ஆணிகளைப் பிடுங்கித் திறந்து மறுபடி துடைப்பேன். கடைசியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூடினேன். மேலே விளக்கையும் போட்டேன்.

இப்போதும் கேட்கிறார்கள். "என்ன சார், வெறும் பேப்பருக்கு பிரேம் போட்டு வச்சிருக்கீங்க?" "நல்லாப் பாருங்க" என்பேன். பக்கத்தில் போய்ப் பார்ப்பார்கள். "ஒண்ணும் இல்லையே?" "இல்லல்ல? என் வீட்டுக்காரி வேலை அது" என்பேன். 'நாளைக்கே' என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை.

போன வாரம் அக்கா வந்தாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள், முழங்கையின் மடிப்பில் பஞ்சு ஒட்டியபடி இருந்தது. முடிவு வர நாளாகும் என்றாள். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. கல்லாவைச் சுற்றி உள்ளே வந்து படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள். இந்தத் தடவை விரலை வைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, இடது மூலையிலிருந்து ஆரம்பித்து வரிவரியாகப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டே போனாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் படிந்தது. அவள் நகரவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு பொட்டளவு ஆகி, மறைந்தது. சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.